அடிவிளிம்பு

அமெரிக்காவின் வடமேற்குக் கரையில், வில்லாபா விரிகுடாப் பக்கம் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை. அக்டோபரில் வந்து உட்கார்ந்தால் மே மாதம்தான் எழுந்து போகும். வேண்டாத விருந்தாளியைப் பொறுத்துக்கொள்வதுபோல் பொறுத்துக்கொண்டு, மரம் வெட்டுகிறவர்கள் மரம் வெட்டப் போவார்கள், சிப்பி உடைக்கிறவர்கள் சிப்பி உடைக்கப் போவார்கள். டெல்பர்ட் டாகெட் ஒருவன்தான் அந்த மழையோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்றவன்.

வருஷா வருஷம் அக்டோபர் முதல் வாரத்தில் ஒழுகல் அடைக்கிற சிலிகான் பசைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். முதலில் தன்னுடைய ஒன்பதாம் எண் டிரெய்லர். பதினெட்டு அடி நீளம், இரண்டு சக்கரம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம். அதற்கு வயது முப்பத்து மூன்று. காரின் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துப் போவதற்கென்று செய்த வீடு. பதினான்கு வருஷமாக அந்த டிரெய்லர் வளாகத்தில் ஒரே இடத்தில் கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. அதன் இணைப்புகளில் மேலே, பக்கத்தில், கீழே என்று ஓர் இடம் விடாமல் வெள்ளைக் கோடு இழுத்து, விரலை எச்சில் தொட்டு வழித்துவிடுவான். அதை முடித்துவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் போய் அடைத்துக் கொடுப்பான். தன்னுடையதோடு சேர்த்து ஏழு டிரெய்லர். காசு வாங்கமாட்டான். பன்னிரண்டாம் எண்ணில் இருக்கும் லூப்பே, அவன் மனைவி மார்லிஸோடு ஒரே மேஜையில் சிப்பி உடைக்கிறவள், ஒரு சட்டி பன்றிக்கறிச் சோளக் கஞ்சி கொடுத்தனுப்புவாள். நாலாம் எண் வேய்னோ ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டி சுட்டுக் கொண்டுவருவான். வேய்னோவின் தாத்தா ஃபின்லாந்திலிருந்து வந்தவர். இவன் சால்மன் மீனுக்கு வலை போட்டே எழுபது வயதாகி ஓய்ந்த தனிக்கட்டை.

இந்த வருஷம் துப்பாக்கியோடு ஈரமான முக்காலியில் ஏறிய டெல்பர்ட், இரண்டாவது அடி இழுப்பதற்குள் வழுக்கி விழுந்தான். வலது காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தூளியில் போட்டு வைக்கச் சொன்னார் டாக்டர். அந்த வாரமே வளாகம் கைமாறி, புதிய முதலாளியின் கடிதம் எல்லாக் கதவுக்கடியிலும் வந்து விழுந்தது.

"படிச்சியா?" என்றாள் மார்லிஸ். வேலைக்குப் போட்ட ரப்பர் பூட்ஸைக்கூட அவள் இன்னும் கழற்றவில்லை.

"படிச்சேன். பத்து வருஷத்துக்கு மேல ஆன டிரெய்லரையெல்லாம் வந்து பாப்பாங்களாம். மரம் மக்கியிருந்தா மாசக் கடைசிக்குள்ள எடத்தக் காலி பண்ணணுமாம். நமக்கென்ன? பதினாலு வருஷத்துல நம்ம வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வந்திருக்கா?"

"சொட்டு வரல. முன்ஜன்னலுக்குக் கீழ ஒரு வாடை வருது டெல். நாலஞ்சு மாசமாவே வருது."

"அது உன் சிப்பி வாடை."

"முப்பது வருஷமா சிப்பி உடைக்கிறேன். அது எப்படி நாறும்னு எனக்குத் தெரியாதா?"

ஜன்னலுக்குக் கீழே ஓடிய பிர்ச் மர பீடிங் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. வார்னிஷ் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் விரல் உள்ளே போயிற்று. ஏப்ரனிலிருந்து சிப்பிக் கத்தியை எடுத்துக் குத்தினாள். கேக்கில் இறங்குவதுபோல் கைப்பிடி வரைக்கும் இறங்கியது. டெல்பர்ட் அதைப் பார்த்தான். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"கத்திய வெளிய எடு," என்றான்.

அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்தக் கடற்கரை நெடுக எந்த வளாகத்திலும் இதே பத்து வருஷச் சட்டம்தான். மற்ற இடங்களில் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். போகலாமென்றாலும் எப்படிப் போவது? முன்சுவர் மக்கிய டிரெய்லரைக் கொக்கி போட்டு இழுத்தால் முதல் வளைவிலேயே மூஞ்சி தனியாகக் கழன்றுவிடும். மார்லிஸுக்கு அறுபத்தொரு வயது. சிப்பிக் கொட்டகைக்கு நடந்தே போய் வருகிறாள். இந்த இடம் போனால் வேலையும் போச்சு. பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"நான் பண்றேன்," என்றாள்.

"நீயா?"

"உனக்குக் கை இருக்கா? நீ வாயால பண்ணு, நான் கையால பண்றேன். இத்தனை நாள் அப்படித்தான ஓடிட்டிருந்துச்சு."

மறுநாள் முதல் அதிகாலை ஐந்து மணியிலிருந்து மத்தியானம் ஒரு மணி வரை சிப்பி, அதற்குப் பிறகு டிரெய்லர். முன்பக்கம் ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். அதற்கடியில் மடக்கு நாற்காலி போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு டெல்பர்ட் உட்கார்ந்தான். தார்ப்பாயில் தண்ணீர் சேர்ந்து தொப்பை போடும்போதெல்லாம் ஊன்றுகோலால் குத்தித் தள்ளுவது அவனுக்கு வேலை. மிச்ச நேரம் பேச்சு.

"மொதல்ல மூலைப் பட்டைய எடு. ஸ்க்ரூ துருப்பிடிச்சிருக்கும், வேகமாத் திருகாத, தலை போயிரும்."

"போயிருச்சு."

"சொன்னேன்ல?"

"நீ சொல்றதுக்கு முன்னாடியே போயிருச்சு. போன வருஷமே போயிருக்கும். அது மேல சிலிகான அப்பி வச்சிருக்க."

வேலை அங்கேதான் இழுத்தது. பதினான்கு வருஷத்துச் சிலிகான், ஒன்றின் மேல் ஒன்றாக, கட்டைவிரல் தடிமனுக்கு இருந்தது. பட்டி சுரண்டும் தகடு அதில் வளைந்துபோயிற்று. கடைசியில் சிப்பிக் கத்திதான் உதவியது. மூடிய சிப்பியின் கீலுக்குள் நுனியை நுழைத்து மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்புவாளே, அதே திருப்பு. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை திருப்புகிற கை அது. இருட்டும் வரைக்கும் செய்து மூலைப்பட்டை கழன்றது, ஜன்னல் சட்டமும் கழன்றது. டிரெய்லரின் நெற்றியில் இருந்த சின்ன ஆரஞ்சு விளக்கைக் கழற்றியபோது அதன் ஒயர் ஓட்டை சுற்றிலும் கறுத்திருந்தது. தண்ணீர் அந்த வழியாகத்தான் நுழைந்திருக்கிறது. டெல்பர்டிடம் காட்டினாள்.

"பாத்தியா? விளக்கு," என்றான் டெல்பர்ட். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அத என்னால அடைக்க முடியாது. அடைச்சா பல்பு எப்படி மாத்துறது? பண்ணினவன் பண்ணின கோளாறு அது."

மார்லிஸும் அப்படித்தான் நினைத்தாள். மூன்றாம் நாள் வரைக்கும்.

மூன்றாம் நாள் டெல்பர்ட் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தான். முன்தகட்டைத் தூக்க வேண்டுமென்றால் அதன் அடிவிளிம்பில் இருக்கும் வெள்ளைக் கோட்டை அறுக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து ஒரு சாண் அறுத்தாள். தண்ணீர் கொட்டியது. சொட்டு இல்லை, கொட்டியது. கரிய நிறத்தில், மக்கின இலை நாற்றத்தோடு, ஒரு வாளிக்குக் குறையாமல் அவள் பூட்ஸ் மேல் விழுந்து சரளைக்கல்லில் ஓடியது. இன்னொரு சாண் அறுத்தாள். இன்னும் வந்தது.

அவள் அப்படியே குந்தியிருந்தாள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விளக்கு வழியாகக் கொஞ்சம் போல உள்ளே வருகிற தண்ணீர், சுவருக்குள் இறங்கி, கீழே தகடு மடங்குகிற இடத்தில் தன்பாட்டுக்கு வெளியே போயிருக்கும். செய்தவன் அதற்காகத்தான் அந்த விளிம்பைத் திறந்து விட்டிருந்தான். அதை வருஷா வருஷம், எச்சில் தொட்டு வழித்து, அழகாக அடைத்து வைத்தது டெல்பர்ட்.

"என்ன சத்தம்?" என்றான் டெல்பர்ட், கண்ணைத் திறக்காமலே.

"ஒண்ணுமில்ல. காப்பி கொட்டிருச்சு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டெல்பர்ட் மரமில்லில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து, மில்லை மூடியபோது வெளியே வந்தவன். அதற்குப் பிறகு ஊரில் அவனை ஒருவரும் எதற்கும் தேடவில்லை, அக்டோபர் முதல் வாரத்தைத் தவிர. அந்த ஒரு வாரம் அவன் நடையே வேறாக இருக்கும். அவளுக்கு அவன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் காப்பி என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வேய்னோ பழைய படகுக் கொட்டகையிலிருந்து தேவதாரு ரீப்பர் சட்டங்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சரளைக்கல்லில் இருந்த கறுப்பைப் பார்த்தான்.

"என்னது இது?"

"காப்பி," என்றாள் மார்லிஸ்.

"நல்ல திக்கான காப்பிதான்."

அறுபட்ட அடிவிளிம்பையும் ஒருமுறை குனிந்து பார்த்தான். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ரீப்பரை எடுத்து இழைக்க ஆரம்பித்தான். வாய்க்குள் நாக்கை அடக்கத் தெரியாத மனுஷன் இதை மட்டும் எப்படிக் கேட்காமல் விட்டான் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டாள்.

தகட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்தபோது உள்ளே மரம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. குறுக்குச் சட்டம் இரண்டும் புகையிலைத்தூள் மாதிரி கையோடு வந்தன. நல்ல மரம் தட்டுப்படுகிற வரைக்கும் கத்தியால் குத்திக் குத்திப் போய், அங்கே சதுரமாக அறுத்து, புது ரீப்பரை ஒட்டுப்போட்டு முடுக்கினாள். டெல்பர்ட் அளவு சொன்னான். அவன் சொன்ன அளவில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். உட்பக்கம் ப்ளைவுட் போட்டு, அதன் மேல் புது பீடிங்கை வைத்து, மூலைகளைச் சரிவாக வெட்டிப் பொருத்தினாள். முதல் மூலையில் ஒரு நெல்மணி இடைவெளி விழுந்தது. இரண்டாவது மூலை முடி நுழையாமல் உட்கார்ந்தது. ராத்திரிச் சாப்பாடு எல்லா நாளும் டப்பா பீன்ஸ்தான், ஒருநாள் மட்டும் லூப்பே சிப்பி சூப் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சிப்பி உடைச்சது பத்தலன்னு வீட்டையும் உடைச்சிட்டிருக்கியாடி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை தகடு மறுபடியும் ஏறியது. மேல் இணைப்புக்கும் மூலைப்பட்டைக்கும் அடியில் பிசின்போல் ஒட்டுகிற புட்டி டேப் வைத்து, புது ஸ்க்ரூ போட்டு முடுக்கினாள். விளக்குக்கும் சுற்றிலும் புட்டி வைத்தாள். டெல்பர்ட் எழுந்து வந்து, தூளியோடு மூன்று தடவை சுற்றிப் பார்த்தான்.

"மில்லுல உன்னச் சேத்திருக்கணும்," என்றான். அவனிடமிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. "சரி, இப்ப கீழ ஒரு கோடு இழுத்துரு. முடிஞ்சுது."

"நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு எதுக்கு? டியூபு இருக்கு."

"காஞ்சிருச்சு."

"புதுசு மார்லிஸ். நான் விழுந்த அன்னைக்கு மாட்டினது." படியடியிலிருந்து துப்பாக்கியை இடது கையால் எடுத்துக்கொண்டு அவனே குனியப் போனான். ஒற்றைக் கையால் விசையை அழுத்த முடியாமல் முழங்காலில் வைத்து அழுத்தினான். வெள்ளைப் புழு ஒன்று பேன்ட்டில் விழுந்தது.

"டெல், வேண்டாம். அத வச்சிரு."

"ஏன்?"

"அங்க அடைக்கக் கூடாது. தண்ணி வெளிய போற வழி அது. அன்னைக்குக் கொட்டினது காப்பி இல்ல."

அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வாளி நிறைய என்று சொன்னபோது மட்டும் முகத்தைத் திருப்பினான்.

"அப்ப நான்தான் மக்க வச்சேன்கிற."

"விளக்கு வழியாத்தான் தண்ணி வந்துச்சு."

"வந்த தண்ணியப் போகவிடாம வச்சது நான்தானே."

 டெல்பர்ட் துப்பாக்கியைப் படி மேல் வைத்துவிட்டு உள்ளே போனான். வியாழக்கிழமை முழுக்க அவன் வாயைத் திறக்கவில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்துபோய் எடுத்துக்கொண்டான். முப்பத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவன் வாய் மூடியிருந்த ஒரே நாள் அதுதான். அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மிஸ் வின்ஸ்லோ வந்தாள். முதலாளி அனுப்பிய ஆள். முப்பது வயதிருக்கும், மஞ்சள் மழைக்கோட்டு, சேறு படாத புது பூட்ஸ், அட்டையில் செருகிய பட்டியல். மற்ற டிரெய்லர்களை எல்லாம் முடித்துவிட்டு ஒன்பதாம் எண்ணுக்குக் கடைசியாக வந்தாள். பின்னாலேயே வேய்னோ, வேடிக்கை பார்க்க வந்தவன்போல் வந்து நின்றான். மார்லிஸ் லீவு போட்டிருந்தாள்.

மிஸ் வின்ஸ்லோ உள்ளே போய் ஜன்னலுக்குக் கீழே பீடிங்கைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஓரம் ஓரமாக அழுத்திக்கொண்டே போனாள். ஓரிடத்திலும் அமுங்கவில்லை. மார்லிஸ் அந்த விரலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மிஸ் வின்ஸ்லோ வெளியே வந்து மூலைப்பட்டை, நெற்றி விளக்கு எல்லாம் பார்த்துப் பட்டியலில் குறித்துக்கொண்டே வந்தவள், குனிந்து அடிவிளிம்பைப் பார்த்தாள்.

"இங்க தொறந்திருக்கே?"

"ஆமாங்க," என்றாள் மார்லிஸ்.

"எல்லா இணைப்பும் அடைச்சிருக்கணும்னு பட்டியல்ல இருக்கு. மத்தபடி எல்லாம் நல்லாருக்கு, புது மரம் போட்டிருக்கீங்க போல. இத மட்டும் அடைச்சிருங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தந்துர்றேன்." படி மேல் கிடந்த துப்பாக்கியை அவளே காட்டினாள். "அதோ இருக்கே."

மார்லிஸ் யோசிக்கவே இல்லை. அடைத்துவிடலாம், இவள் கார் ரோட்டுக்குத் திரும்பியதும் அறுத்துவிடலாம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு குந்தினாள்.

"வை கீழ," என்றான் டெல்பர்ட். இரண்டு நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை.

"டெல், சும்மா இரு."

"வைன்னு சொல்றேன்ல. மிஸ், அது அடைக்கக் கூடாத எடம். பதினாலு வருஷம் அடைச்சு வச்சேன், சுவரே மக்கிப்போச்சு. என் கையாலதான் அடைச்சேன். உங்க பட்டியல்ல வேணும்னா அப்படியே எழுதிக்குங்க."

"சார், பட்டியல் நான் போட்டதில்ல."

"கையெழுத்துப் போடலன்னா போங்க. இன்னொரு தடவ நான் இத அடைக்க விடமாட்டேன்."

 ஒரு வார உழைப்பு, வேலை, தலைக்கு மேல் கூரை எல்லாம் அந்த ஒரு வாயில் போகப் போகிறது. மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "இவர் இப்படித்தாங்க, நான் அடைச்சிர்றேன்," என்றாள்.

மிஸ் வின்ஸ்லோ பட்டியலைப் புரட்டினாள். "விசித்திரமா இருக்கு. நாலாம் நம்பர்லயும் இதே எடம் இப்படித்தான் தொறந்து கெடந்துச்சு. கேட்டேன், அடைச்சிடறேன்னார்."

டெல்பர்ட் திரும்பினான். வேய்னோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலாம் நம்பரா? அத நான்தானய்யா போன வருஷம் அடைச்சேன்?"

"அடைச்ச."

"அப்புறம்?"

"அறுத்துட்டேன்."

"எப்ப?"

"நவம்பர்ல. எல்லா நவம்பர்லயும்தான். நீ அக்டோபர்ல அடைப்ப, நான் நவம்பர்ல அறுப்பேன். படகுல கெடந்தவன்யா நான். தண்ணி உள்ள வரத்தான் செய்யும், அதுக்கு ஒரு வழி விட்டுவைக்கணும்."

"எத்தன வருஷமா?"

"பதினொண்ணு."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ அவ்வளவு ஆசையா வந்து அடைச்சிட்டுப் போற. எப்படிச் சொல்றது?"

"அதுக்கு ரொட்டி வேற சுட்டுக் குடுத்தியா?"

"ரொட்டி வேற விஷயம்."

மார்லிஸ் எழுந்துவிட்டாள். "உன் நாகரிகத்துக்கு என் சுவர்தான் கெடச்சுதா வேய்னோ? உன் வீட்டுது மட்டும் அறுத்துக்கிட்டு, எங்க வீடு மக்குறதப் பதினோரு வருஷம் பாத்துட்டிருந்தியா? எங்கள நடுரோட்டுல நிறுத்தப் பாத்தியே!"

 வேய்னோவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. இன்னும் கேட்க அவளிடம் நிறைய இருந்தது. காப்பி என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவள் நான்கு நாள் மறைத்தாள், இவன் பதினோரு வருஷம். கோபம் தணியவில்லை. ஆனால் வாய் மட்டும் நின்றுவிட்டது.

டெல்பர்ட் உள்ளே போய்க் கெண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். மார்லிஸிடம் நெற்றி விளக்கின் ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லி, கெண்டியை இடது கையால் தூக்கி அந்த ஓட்டையில் ஊற்றினான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு அடிவிளிம்பில் ஒரு சொட்டு வந்து தொங்கியது, அதன்பின் நூலாக ஒழுகி, நின்றது. சுத்தமான தண்ணீர்.

மிஸ் வின்ஸ்லோ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டியலில் அந்த வரியை அடித்து, ஓரத்தில் 'வடிகால்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். நாலாம் எண்ணுக்கும் அதேபோல் எழுதினாள். அட்டையை மூடும்போது, "மத்த அஞ்சு டிரெய்லர்ல நல்லா, சீரா அடைச்சிருந்துச்சு. அழுத்திப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. அத்தனைக்கும் பாஸ் போட்டுட்டேன்," என்றாள்.

அவள் கார் போன பிறகும் டெல்பர்ட் அங்கேயே நின்றான்.

"அந்தக் கத்தியக் குடு," என்றான்.

"ஒத்தக் கைய வச்சிக்கிட்டு எங்க போற?"

"பன்னெண்டாம் நம்பருக்கு. மொதல்ல அது. அப்புறம் மத்ததுங்க."

"போய் என்ன சொல்லுவ?"

"நான் அடைச்சது தப்புன்னு சொல்லுவேன். வேறென்ன சொல்றது?"

வேய்னோவும் பின்னால் வந்தான். லூப்பேயின் டிரெய்லரின் அடிவிளிம்பில் டெல்பர்ட் மண்டியிட்டான். இடது கைக்கு அந்தத் திருப்பு வரவில்லை. மூன்று தடவை கத்தி வழுக்கியது. மார்லிஸ் அவன் கையிலிருந்து கத்தியை வாங்கி, நுனியை நுழைத்து, மணிக்கட்டைத் திருப்பி ஒரு சாண் அறுத்தாள்.

கரிய தண்ணீர் மூன்று பேர் காலிலும் கொட்டியது. கதவு திறந்தது. லூப்பே துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னடி அது?"

ஒன்றுமில்லை என்றுதான் மார்லிஸின் வாய் வரைக்கும் வந்தது. டெல்பர்ட் அவளைப் பார்த்தான்.

"தண்ணி லூப்பே," என்றாள். "உன் சுவருக்குள்ள இருந்த தண்ணி. வெளிய வா, சொல்றோம்."

சொல்லிவிட்டுக் கத்தியை அடுத்த சாணுக்கு நகர்த்தினாள்.